ஒரு புரதம் வேண்டும்: எந்தச் செல்லிடம் கேட்பது?

மரபணுவை எழுதி வாங்குவது இன்று பெரிய வேலையே இல்லை. வரிசையைத் தட்டச்சு செய்து அனுப்பினால், சின்னக் குழாயில் காய்ந்த டி.என்.ஏ. வந்து சேர்ந்துவிடுகிறது. ஆட்கள் மாட்டிக்கொள்வது அதற்கு அடுத்த படியில். புரதத்தைச் செய்ய இந்த மரபணுவை எதற்குள் வைப்பது? ஈ.கோலை பாக்டீரியாவிலா, ஈஸ்டிலா, பாலூட்டியின் செல்லிலா? இல்லை, செல்லே வேண்டாம் என்று அதன் சாற்றை மட்டும் வைத்து ஒப்பேற்றிவிடலாமா?

ஆராய்ச்சி மாணவர்களும் சிறு நிறுவனம் தொடங்குகிறவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. கேட்க வரும்போதே பாதிப் பேர் விடையைக் கையோடு கொண்டுவருகிறார்கள். அவர்கள் ஆய்வக உறைபெட்டியில் ஏற்கெனவே எது இருக்கிறதோ, அதுதான் விடை. மீதிப் பேர் எதிர்ப்பக்கம் போகிறார்கள்: "இது மனிதப் புரதம், அதனால் பாலூட்டிச் செல்லில்தான் செய்ய வேண்டும்." இரண்டுமே அவசரம் என்பது என் கருத்து. இயற்கை அந்தப் புரதத்தை எப்படிச் செய்கிறது என்பதை விட, உங்கள் வேலைக்கு அதில் எவ்வளவு தேவை என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது.

செல்லே மருந்தாகப் போகும் சிகிச்சைகளும், ஈஸ்டை வைத்துச் சிறு மூலக்கூறுகளைத் தயாரிப்பதும் வேறு கணக்கு. இங்கே பேசுவது புரதத்தைப் பற்றி மட்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

புரதம் எங்கே போகப்போகிறது? சோதனைக் குழாயோடு நின்றுவிடுமா, துணி துவைக்கும் தூளில் கலக்குமா, மனித ரத்தத்துக்குள் போகுமா? இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்தால் பாதி முடிவு எடுத்த மாதிரி.

புரதத்தின் உடம்பு எப்படி? எத்தனை அமினோ அமிலம், வடிவத்தைக் கட்டிப்பிடிக்கும் கந்தகப் பாலமான டைசல்ஃபைடு பிணைப்பு எத்தனை, மேலே சர்க்கரைச் சங்கிலி ஒட்டியிருக்கிறதா. அந்தச் சர்க்கரை இல்லாவிட்டால் வேலை நின்றுபோகுமா என்பது தனிக் கேள்வி. அதைத் தனியாகவே கேளுங்கள்.

எவ்வளவு, எப்போதைக்கு? இரண்டு மில்லிகிராம் அடுத்த வாரம் வேண்டும் என்பவரும், டன் கணக்கில் மூன்று வருடம் கழித்து வேண்டும் என்பவரும் ஒரே கட்டுரையைப் படித்துவிட்டு ஒரே முடிவுக்கு வரக்கூடாது.

சுத்தம் செய்ய என்ன ஆகும்? மருந்துப் புரதங்களில் பல நேரம் மொத்தச் செலவில் பாதிக்கு மேல் போவது இங்கேதான். ஆனால் எல்லோரும் ஒப்பிடுவது "லிட்டருக்கு எத்தனை கிராம்" என்ற ஒற்றை எண்ணை. சும்மா ஒரு கணக்குப் போடுவோம். ஒரு முறையில் லிட்டருக்கு 5 கிராம் வருகிறது, ஆனால் எல்லாம் கட்டிதட்டிக் கிடக்கிறது. பிரித்து, வேலை செய்யும் வடிவத்துக்கு மறுபடி மடித்தால் பத்தில் ஒரு பங்குதான் தேறுகிறது. இன்னொன்றில் 1 கிராம்தான், ஆனால் கரைந்த நிலையில் வெளியே வந்து நிற்கிறது. அதில் எண்பது சதவீதம் கைக்கு வருகிறது. முதலாவது 0.5, இரண்டாவது 0.8. விளம்பரத் தாளில் முதலாவதுதான் ஐந்து மடங்கு பெரியது.

பின்னால் மாற்ற முடியுமா? ஆய்வில் முடியும். மருந்தில், மனிதர்களிடம் சோதனை தொடங்கிய பிறகு செல்லை மாற்றினால், பழைய பொருளும் புதிய பொருளும் ஒன்றுதான் என்று நிரூபிக்க வேண்டும். சர்க்கரை கொஞ்சம் மாறியிருந்தாலும் சோதனைகளில் ஒரு பகுதியைத் திரும்பச் செய்ய நேரிடலாம்.

## ஈ.கோலை: முதலில் தட்டவேண்டிய கதவு

1978இல் மனித இன்சுலினின் இரண்டு சங்கிலிகளையும் தனித்தனியாக ஈ.கோலையில் செய்து, பிறகு வெளியே இணைத்தார்கள். 1982இல் அது அமெரிக்காவில் அனுமதி பெற்றது, மறுசேர்க்கை டி.என்.ஏ. வழியாக வந்த முதல் மருந்து அதுதான். அப்போதிலிருந்து இந்தப் பாக்டீரியாவைப் பற்றி நமக்குத் தெரிந்த அளவு வேறெந்த உயிரைப் பற்றியும் தெரியாது என்று சொல்லலாம். நல்ல ஊடகத்தில் இருபது நிமிடத்தில் இரட்டிக்கிறது. மரபணு கைக்கு வந்து ஒன்றிரண்டு வாரத்தில் புரதத்தைக் கண்ணால் பார்த்துவிடலாம்.

சிக்கல் என்னவென்றால், இது அவசரக்காரச் செல். மனிதச் செல் நிதானமாக மடிக்கும் புரதத்தை இது மடமடவென்று உற்பத்தி செய்து, மடிக்க ஆளில்லாமல் மூலையில் குவித்துவிடும். அந்தக் குவியலைத்தான் இன்க்ளூஷன் பாடி என்கிறோம். சாதாரண ஈ.கோலையின் உட்புறத்தில் டைசல்ஃபைடு பிணைப்பு நிலைத்து நிற்பதும் கடினம். அங்கே வேதிச் சூழல் அப்படி. சர்க்கரை ஒட்டும் வேலை மனிதச் செல்லில் நடப்பது போல நடக்காது.

இதற்கெல்லாம் வைத்தியம் உண்டு. வெப்பநிலையை 37 டிகிரியிலிருந்து 18க்கு இறக்கி இரவு முழுக்க விடலாம். மால்டோஸைப் பிடிக்கும் புரதத்தையோ சுமோ என்ற சிறு புரதத்தையோ வாலாகக் கட்டிவிட்டால் பல புரதங்கள் கரையத் தொடங்கும். டைசல்ஃபைடு வேண்டுமென்றால் செல்லின் இரண்டு சவ்வுகளுக்கு இடைப்பட்ட பெரிபிளாசத்துக்கு அனுப்பலாம், அல்லது அதற்கென்றே மாற்றியமைத்த ஷஃபுல், ஒரிகாமி போன்ற ரகங்களை எடுத்துக்கொள்ளலாம்.

வைத்தியம் நிறைய இருப்பதுதான் ஆபத்தும். நான் ஒருமுறை ஒரு புரதத்தோடு ஐந்து மாதம் மல்லுக்கட்டினேன். நான்கு ரகம், மூன்று வால், ஐந்து வெப்பநிலை. ஒவ்வொரு முறையும் ஜெல்லில் பெரிய பட்டை, ஆனால் அடியில் படிந்த கட்டியில்தான்; மேலே தெளிந்த நீரில் ஒன்றும் இல்லை. "அடுத்த தடவை வந்துவிடும்" என்ற நினைப்பு மட்டும் போகவில்லை. ஈஸ்டுக்கு மாறியதும் ஆறு வாரத்தில் வேலை முடிந்தது. அதிலிருந்து எனக்கு ஒரு விதி: ஈ.கோலைக்கு நான்கு வாரம். முதல் நாளே நாட்காட்டியில் கடைசித் தேதியைக் குறித்துவிடுவேன்.

மறைந்திருக்கும் செலவில் முதலாவது எண்டோடாக்சின். இதன் வெளிச்சவ்வில் இருக்கும் லிப்போபாலிசாக்கரைடு மனித ரத்தத்தில் கொஞ்சம் கலந்தாலே காய்ச்சல் வரும், அதிகமானால் உயிருக்கே ஆபத்து. விலங்கில் ஊசி போடுவதற்கோ நோயெதிர்ப்புச் செல்களில் சோதிப்பதற்கோ உங்கள் புரதம் போகிறதென்றால், எண்டோடாக்சினை அகற்றாமல் எடுத்த முடிவுகளை நம்பவே கூடாது. செல்கள் உங்கள் புரதத்துக்குத்தான் பதில் சொன்னதா, அதோடு ஒட்டிவந்த அழுக்குக்கா என்று சொல்ல முடியாது. இரண்டாவது, வாலை வெட்டும் நொதி. சிறிய அளவில் தெரியாது, பெரிய அளவில் கடிக்கும். மூன்றாவது, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸான ஃபேஜ். ஒரு தொட்டியில் புகுந்துவிட்டால் காலையில் வந்து பார்க்கும்போது கலங்கியிருந்த கல்ச்சர் தெளிந்திருக்கும், அவ்வளவுதான்.

இது சரியான தேர்வு: சிறிய, சர்க்கரை தேவைப்படாத புரதங்கள், ஆய்வக நொதிகள், கட்டமைப்பு ஆய்வு, ஆன்டிபாடியின் துண்டுகள்.

## ஈஸ்ட்: நடுவில் நிற்பவர்

ஈஸ்ட் என்றால் இரண்டு பேர். ஒருவர் ரொட்டி ஈஸ்டான சாக்கரோமைசிஸ். 1986இல் அனுமதி பெற்ற மறுசேர்க்கை ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி இதில் செய்ததுதான். இன்சுலினும் 1980களின் பிற்பகுதியிலிருந்து இதில் தயாராகிறது. பிணைப்புகள் சரியான இடத்தில் விழுந்த முன்வடிவத்தை செல்லே வெளியே தள்ளிவிடும். இன்னொருவர் பிச்சியா பாஸ்டோரிஸ், இப்போதைய பெயர் கோமகடெல்லா ஃபாஃபி. புதிதாகப் புரதம் செய்ய வருகிறவருக்கு நான் பெரும்பாலும் காட்டுவது இரண்டாமவரைத்தான்.

பிச்சியாவின் பெரிய வசதி: மெத்தனாலைக் கொடுத்தால்தான் விழிக்கும் வலுவான ஒரு புரோமோட்டர், அதாவது மரபணுவை முடுக்கிவிடும் டி.என்.ஏ. பகுதி, இதில் உண்டு. முதலில் கிளிசரால் கொடுத்து செல்லை அடர்த்தியாக வளர்த்துவிட்டு, பிறகு மெத்தனாலுக்கு மாற்றினால் எல்லா ஆற்றலும் உங்கள் புரதத்துக்குத் திரும்பும். புரதத்தை வெளியே விடும். தன் சொந்தப் புரதங்களை அதிகம் வெளியே விடாது என்பதால், வடிகட்டிய நீரிலேயே உங்கள் புரதம் ஓரளவு சுத்தமாக இருக்கும். டைசல்ஃபைடு பிரச்சினை இல்லை, எண்டோடாக்சின் இல்லை. தாவர இறைச்சிக்கு ரத்தச் சுவை தரும் சோயா லெக்ஹீமோகுளோபினை இதில்தான் தயாரிக்கிறார்கள்.

அப்புறம் ஏன் எல்லோரும் இதையே பயன்படுத்துவதில்லை? சர்க்கரை. ஈஸ்டும் சர்க்கரை ஒட்டும், ஆனால் தன் பாணியில், மானோஸ் என்ற சர்க்கரையை ஒன்றன்மேல் ஒன்றாக. சாக்கரோமைசிஸ் இதில் அளவே தெரியாமல் நீட்டிக்கொண்டு போகும். பிச்சியா கொஞ்சம் அடக்கம். அப்படிப்பட்ட புரதம் ரத்தத்துக்குப் போனால், மானோஸை அடையாளம் காணும் ஏற்பிகள் அதைச் சீக்கிரமே பிடித்து அகற்றிவிடும். மனிதர்களைப் போலவே சர்க்கரை ஒட்டும்படி பிச்சியாவின் மரபணுக்களை மாற்றியும் காட்டிவிட்டார்கள். 2006இல், மனிதச் சர்க்கரைச் சங்கிலியின் நுனியில் வரும் சயாலிக் அமிலம் வரை ஒட்ட முடிந்தது. இருந்தும் மருந்து ஆலைகள் கூட்டமாக அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஒற்றைத்தலைவலிக்கான எப்டினெசுமாப் என்ற ஆன்டிபாடி பிச்சியாவில் தயாராகி 2020இல் அனுமதி பெற்றது. முழு ஆன்டிபாடி என்றாலே பாலூட்டிச் செல் என்பவர்களுக்குக் காட்ட நல்ல உதாரணம் அது. அதன் வேலைக்கு அந்தச் சர்க்கரை தேவையே இல்லை.

மறைந்திருக்கும் செலவு மெத்தனாலிலிருந்தே தொடங்குகிறது. அது தீப்பிடிக்கும் பொருள். ஆயிரக்கணக்கான லிட்டர் சேமித்து வைக்கும் கட்டடம் வேறு விதமாகக் கட்டப்பட வேண்டும். மெத்தனாலைச் செரிக்கும்போது செல் ஆக்சிஜனை விழுங்கும், வெப்பத்தைக் கக்கும். ஆய்வகத்தின் இரண்டு லிட்டர் கலனில் அழகாக ஓடியது பெரிய தொட்டியில் குளிரூட்ட முடியாமல் திணறும். செல் அடர்த்தி அதிகம் என்றால் தொட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செல்லே இருக்கும். நீங்கள் எடுக்கப்போகும் நீர் நினைத்ததை விடக் குறைவு. போதாததற்கு, அடர்த்தியான கல்ச்சரில் உடைந்த செல்களின் புரோட்டியேஸ்கள் வெளியே வந்து புரதத்தைக் கடித்துவிடும்.

இது சரியான தேர்வு: வெளியே வரவேண்டிய, டைசல்ஃபைடு உள்ள புரதங்கள், உணவு, தொழில் நொதிகள், தடுப்பூசிப் புரதங்கள், சர்க்கரை தேவைப்படாத மருந்துகள்.

## சி.எச்.ஓ. செல்: மெதுவானவர், விலை கூடியவர், பல நேரம் மாற்று இல்லாதவர்

சீன ஹாம்ஸ்டர் என்ற எலி போன்ற விலங்கின் சூலகத்திலிருந்து (Chinese Hamster Ovary, அதுதான் சி.எச்.ஓ.) 1957இல் தியடோர் பக் பிரித்தெடுத்த செல்களின் வழித்தோன்றல்கள் இவை. 1987இல், ரத்தக்கட்டியைக் கரைக்கும் டி.பி.ஏ. என்ற புரதம் இந்தச் செல்லில் தயாரான முதல் மருந்தாக அனுமதி பெற்றது. 527 அமினோ அமிலம், 17 டைசல்ஃபைடு பிணைப்பு. இதை ஈ.கோலையிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

சர்க்கரை உண்மையிலேயே தேவைப்படும் இடத்துக்கு எரித்ரோபாய்ட்டின் நல்ல உதாரணம். அதன் எடையில் சுமார் 40 சதவீதம் சர்க்கரை. நுனியில் சயாலிக் அமிலம் இல்லாவிட்டால் கல்லீரல் அதை ரத்தத்திலிருந்து சீக்கிரமே அள்ளிக்கொண்டுவிடும். சோதனைக் குழாயில் வேலை செய்வது உடம்புக்குள் செய்யாது. புற்றுச்செல்லைக் கொல்ல நோயெதிர்ப்புச் செல்லை அழைத்துவரும் ஆன்டிபாடிகளும் அப்படித்தான். Y வடிவ ஆன்டிபாடியின் தண்டுப் பகுதியில் உள்ள சர்க்கரை இல்லையென்றால் அழைப்பே போகாது.

விலை? செல் இரட்டிக்கக் கிட்டத்தட்ட ஒரு நாள். ஒரு உற்பத்திச் சுற்று இரண்டு வாரம். இன்று ஆன்டிபாடிகள் லிட்டருக்கு 5 கிராமும் அதற்கு மேலும் கிடைப்பது சாதாரணம், ஆகவே "சி.எச்.ஓ. குறைவாகத் தரும்" என்பது பழைய கதை. ஆனால் அந்த நிலையை எட்ட, மரபணு நிலையாகப் பதிந்த செல்லைத் தேடி, ஒற்றைச் செல்லிலிருந்து வளர்த்து, தலைமுறை பல தாண்டியும் உற்பத்தி குறையவில்லை என்று காட்டப் பல மாதம் ஆகும். ஆய்வுக்குச் சில மில்லிகிராம்தான் தேவை என்றால் இந்தப் பாடு வேண்டாம். சி.எச்.ஓ. செல்லிலோ, மனிதச் சிறுநீரகத்திலிருந்து வந்த எச்.இ.கே. 293 செல்லிலோ மரபணுவைத் தற்காலிகமாக நுழைத்து இரண்டு வாரத்தில் அறுவடை செய்துவிடலாம். இந்த வழியைத் தெரியாமலேயே பலர் பாலூட்டிச் செல் என்றால் பயப்படுகிறார்கள்.

பெரிய மறைசெலவு வைரஸ். விலங்குச் செல்லில் வளரும் வைரஸ் மனிதனுக்கும் தொற்றலாம் என்பதால், ஒவ்வொரு முறையும் குறைந்த பி.எச்.இல், அதாவது அமிலச் சூழலில், வைத்திருப்பது, இருபது நானோமீட்டர் அளவுத் துளைகளில் வடிகட்டுவது என்று தனிப்படிகள் தேவை. அவை வேலை செய்கின்றன என்ற நிரூபணமும் தேவை. வைரஸ் மனிதனுக்குத் தீங்கு செய்யாவிட்டாலும் ஆலையை முடக்கிவிடும். 2009இல் அமெரிக்காவின் ஆல்ஸ்டனில் இருந்த ஒரு மருந்து ஆலையில், சி.எச்.ஓ. செல்களை வெசிவைரஸ் 2117 தொற்றியது. மனிதருக்கு நோய் தருவதாக அறியப்படாத வைரஸ் அது. ஆனால் உற்பத்தி நின்றது, கோஷே, ஃபேப்ரி என்ற அரிய நோய்கள் உள்ளவர்களுக்கு மருந்துத் தட்டுப்பாடு நீண்ட நாள் நீடித்தது.

இது சரியான தேர்வு: ரத்தத்துக்குள் போகும், சர்க்கரை வேலை செய்யும் மருந்துகள், முழு ஆன்டிபாடிகள், பெரிய, பல பகுதிகள் கொண்ட புரதங்கள்.

## செல் இல்லா முறை: சாறு மட்டும் போதும்

1961இல் நைரன்பெர்க்கும் மத்தாயும் மரபுக் குறியீட்டின் முதல் சொல்லைப் படித்தது ஈ.கோலையின் சாற்றில்தான். செல் உடைந்திருக்கும், புரதத்தைக் கட்டும் ரைபோசோம் வேலை செய்துகொண்டிருக்கும். டி.என்.ஏ.யைச் சேர்த்தால் சில மணி நேரத்தில் புரதம். செல்லைக் கொல்லும் நச்சுப் புரதமாக இருந்தாலும் கவலையில்லை, கொல்ல அங்கே செல்லே இல்லை. நூறு திரிபுகளை ஒரே நாளில் ஒப்பிட இதைவிட வேகமான வழி எனக்குத் தெரியாது. தனித்தனியாகச் சுத்தம் செய்த கூறுகளை மட்டும் சேர்த்து உருவாக்கிய ப்யூர் முறை 2001இல் வந்தது. அதில் எல்லாமே தெரிந்த அளவில் இருக்கும், விலையும் அதற்குத் தகுந்தபடி இருக்கும்.

100 லிட்டர் வரை அளவைக் கூட்டலாம் என்று 2011இலேயே காட்டியிருக்கிறார்கள். ஆனாலும் மில்லிகிராமுக்கு ஆகும் செலவையும், சாற்றின் தரம் ஒவ்வொரு தயாரிப்பிலும் மாறுவதையும் பார்த்தால், தேடும் கட்டத்தில்தான் இது பொருந்துகிறது. ஈ.கோலைச் சாறு என்றால் எண்டோடாக்சினும் கூடவே வரும். இதை மறந்து ஏமாந்தவர்கள் உண்டு.

## ஒரே பார்வையில்

| | ஈ.கோலை | பிச்சியா ஈஸ்ட் | சி.எச்.ஓ. | செல் இல்லா முறை |
|---|---|---|---|---|
| முதல் புரதம் கைக்கு வர | 1–2 வாரம் | 4–6 வாரம் | தற்காலிகம் 2 வாரம். நிலையானது பல மாதம் | ஒரு நாள் |
| டைசல்ஃபைடு | சிறப்பு ரகம் தேவை | நன்று | மிக நன்று | சூழலை மாற்றினால் முடியும் |
| சர்க்கரை | இல்லை | மானோஸ் மிகுந்தது | மனிதருடையதை ஒத்தது | பொதுவாக இல்லை |
| முக்கிய மறைசெலவு | மறுமடிப்பு, எண்டோடாக்சின் | மெத்தனால், வெப்பம், புரோட்டியேஸ் | வைரஸ் நீக்கம், காலம் | மில்லிகிராமுக்கான விலை |
| பெரிய அளவில் | எளிது, மலிவு | எளிது, குளிரூட்டல் தடை | முடியும், விலை அதிகம் | அரிது |

## செல்லை மாற்றுவதா, புரதத்தையே மாற்றுவதா?

இந்தக் கேள்விதான் ஒப்பீட்டு அட்டவணைகளில் இடம்பெறுவதில்லை. மேலே சொன்ன டி.பி.ஏ.வையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சில பகுதிகளை வெட்டிவிட்டு 355 அமினோ அமிலமாகச் சுருக்கினார்கள். சர்க்கரை இல்லை, டைசல்ஃபைடும் குறைந்துவிட்டது. அந்தச் சுருக்கிய வடிவம், ரெடிபிளேஸ், ஈ.கோலையில் தயாராகி 1996இல் மருந்தானது. சர்க்கரை போனதும் சில பகுதிகள் போனதும் சேர்ந்து ரத்தத்தில் அதன் ஆயுளைக் கூட்டின என்பது கூடுதல் லாபம்.

ரத்தநாளங்களை வளரத் தூண்டும் வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடிகளிலும் இதே கதை. பெவாசிசுமாப் முழு ஆன்டிபாடி, சி.எச்.ஓ.வில் தயாராகிறது. கண்ணுக்குள் போடும் ரானிபிசுமாபுக்குத் தண்டுப் பகுதியே வேண்டாம், பிடிக்கும் துண்டு போதும். அதனால் அது ஈ.கோலையில். வெள்ளணுக்களைப் பெருக்கும் ஜி.சி.எஸ்.எஃப். இன்னும் நேரடியான சாட்சி. இயற்கையில் அதில் சர்க்கரை உண்டு. சர்க்கரை இல்லாத ஃபில்கிராஸ்டிம் ஈ.கோலையிலும், சர்க்கரையோடு லெனோகிராஸ்டிம் சி.எச்.ஓ.விலும் தயாராகின்றன. இரண்டுமே மருந்தாகப் பயனில் உள்ளன.

2021 முதல் ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு நிரலின் புரதக் கட்டமைப்புக் கணிப்புகள் எல்லோருக்கும் திறந்திருப்பதால், எந்தப் பகுதியை வெட்டலாம், டைசல்ஃபைடு போடும் அமினோ அமிலமான சிஸ்டீன்களில் எந்த இரண்டு இணைகின்றன என்று ஒரு மதியத்தில் பார்த்துவிடலாம். செல்லைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் அந்த மதியத்தைச் செலவழியுங்கள்.

## சரி, நான் என்றால்?

ஆய்வக நொதி, சர்க்கரை தேவையில்லை: ஈ.கோலை, நான்கு வாரக் கெடுவோடு. கெடு முடிந்தால் பிச்சியா.

தொழில் அளவில் நொதி, கிலோவுக்கு விலை முக்கியம்: முதல் நாளிலிருந்தே பிச்சியா. மெத்தனால் வேண்டாம் என்றால் அது தேவைப்படாத ஜி.ஏ.பி. புரோமோட்டரைச் சோதித்துப் பாருங்கள். பாசில்லஸ் பாக்டீரியாவும் இங்கே வலுவான போட்டியாளர். சலவை நொதிகள் பெரும்பாலும் அந்தக் குடும்பத்திலிருந்துதான் வருகின்றன.

விலங்குச் சோதனைக்குப் போகும் மனிதப் புரதம், சில மில்லிகிராம்: எச்.இ.கே. 293 செல்லில் தற்காலிகமாக. எண்டோடாக்சினோடு போராடும் நேரத்தில் இது முடிந்துவிடும்.

மருந்தாக்கும் எண்ணம், சர்க்கரை தேவையா என்று உறுதியில்லை: இங்கேதான் கொஞ்சம் செலவு செய்யச் சொல்வேன். தற்காலிக முறையில் சர்க்கரையோடு ஒரு தொகுதி, ஈ.கோலையிலோ சர்க்கரையை நொதியால் வெட்டியோ சர்க்கரை இல்லாமல் ஒரு தொகுதி. ரத்தத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறது, எவ்வளவு வேலை செய்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் பாருங்கள். நிலையான செல் வரிசைக்கு மாதக்கணக்கில் காசு கொட்டுவதற்கு முன் இந்த ஒரு சோதனை.

எந்த நிலையில் இருந்தாலும், மரபணுவை வாங்கும்போது இரண்டு வடிவமாக வாங்கிக்கொள்ளுங்கள்: ஒன்று முதல் தேர்வுச் செல்லின் கோடான் பழக்கத்துக்கு (ஒரே அமினோ அமிலத்துக்கு அந்தச் செல் விரும்பும் மூன்றெழுத்துச் சொற்களுக்கு), இன்னொன்று இரண்டாவது தேர்வுக்கு. இரண்டிலும் மரபணுவை வெட்டி ஒட்டுவதற்கான ஓரத்து வெட்டுமிடங்கள் ஒரே மாதிரி இருக்கட்டும். கெடு முடியும் நாளில் இரண்டாவது குழாய் உறைபெட்டியில் தயாராக இருக்கும்.